டிரிப் ஹாஸ்கெலுக்கு நான் வாங்கிக் கொடுத்த பதவிகள்

அவன் முழுப்பெயர் பிராட்ஃபர்ட் ஹாஸ்கெல். அப்பாவுக்கும் அதே பெயர், தாத்தாவுக்கும் அதே பெயர். மூன்றாவது ஆள் என்பதால் டிரிபிள் என்பதைச் சுருக்கி வீட்டில் டிரிப் என்று கூப்பிட்டார்கள், கல்லூரியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாதவன் என் வேலைக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டானே என்று நான் எத்தனையோ நாள் பொருமியிருக்கிறேன். அவனுக்கு நான் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள். மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் அதையேதான் செய்வேன்.

நான் கொரீன் பெட்ராக். ஒஹாயோவில் ஏரிக்கரை ஊர்க்காரி. அப்பா குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவார், கோடையில் கிடைத்த வேலைக்குப் போவார். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது எங்களை வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அம்மா கோர்ட்டில் தவறான அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சரியான அறையைக் கண்டுபிடித்துப் போனபோது தீர்ப்பு முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் சோபா நடைபாதையில் மழையில் கிடந்தது. யாரோ ஒருவன் அதில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே கவுன்டி கோர்ட்டின் தாழ்வாரத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளெல்லாம் அங்கே வெள்ளிக்கிழமைதான் வரும். எங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல உரிமை கிடையாது. எந்த அறை, கையில் என்ன தாள் இருக்க வேண்டும், இலவச வக்கீல் எந்த மாடியில் இருக்கிறார், இவ்வளவுதான் சொல்வோம். உள்ளே போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம். முதல் பனிக்காலம் முழுக்க நானும் என் அறைத்தோழி இமானியும்தான். பிறகு ஒவ்வொருவராக ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை மேஜை என்று பெயர் தானாகவே வந்தது.

டிரிப் அந்த மேஜைக்கு வந்தது இரண்டே முறை. முதல் முறை ஒரு பெட்டி டோனட்டும் கல்லூரிப் பத்திரிகையின் போட்டோக்காரனும் கூட வந்தார்கள். அடுத்த முறை எங்கள் கல்லூரியின் டீன் அம்மாவையே அழைத்து வந்து நின்று படம் எடுத்துக்கொண்டான். வழக்குக்கு வந்திருந்த ஒரு பெண் தன் குழந்தையை அவனிடம் நீட்டினாள். அவன் குழந்தையைப் பார்த்துக் கையசைத்தான்.

இரண்டாம் வருடக் கடைசியில் கௌரவிப்பு விருந்து நடந்தது. கோழியும் பீன்ஸும் ஆறிப்போயிருந்தன. "இந்த ஆண்டின் சிறந்த மாணவத் தலைவர், வெள்ளிக்கிழமை மேஜையின் நிறுவனர், டிரிப் ஹாஸ்கெல்" என்று டீன் அம்மா அறிவித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். என் கையும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வாசலில் அவனை மறித்தேன்.

"நிறுவனரா? நீயா?"

"கோபப்படாதே கொரீன். ஃபார்ம்ல பேர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது."

"அதுல என் பேரை எழுதக் கை வரலையா?"

"நீ மேடைக்கு வர்ற ஆளே இல்லையே. நீ வேலை செஞ்சே, நான் அதை ஊருக்குத் தெரிய வச்சேன். ரெண்டும் வேணும்ல?" என்று தோளில் தட்டினான். பதக்கம் கழுத்தில் ஆடியது.

டீன் அம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூட்டு முயற்சிதானேம்மா, இதைப் போய்ப் பெரிசு பண்ணணுமா?" என்றார். பித்தளைப் பட்டயத்தில் பெயர் பொறித்துச் சுவரில் மாட்டியாயிற்று, இனி யார் கழற்றுவார்கள்?

வெறும் பதக்கமாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். பிராட்மூர் சட்டக் கல்லூரி எங்கள் கல்லூரி மாணவர்களில் வருடத்துக்கு ஒரே ஒருவருக்குக் கட்டணம் இல்லாமல் இடம் கொடுக்கும். அது கிடைத்தால் நான் வக்கீல். கிடைக்காவிட்டால் அப்பாவின் லாரியில் பக்கத்து இருக்கைதான். டிரிப்புக்கும் அதே இடம் வேண்டும். அவனுக்குப் பணம் பிரச்சினையே இல்லை. அவன் தாத்தாவும் அப்பாவும் பிராட்மூரில் படித்தவர்கள், ஆனால் இரண்டு பேரும் பணம் கட்டிப் படித்தவர்கள். அவர்களைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. என் மேஜையைப் பிடுங்கி என் தலையிலேயே போடப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்த நாள் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பிராட்மூரின் சேர்க்கை அதிகாரி ஓடாலிஸ் ஃபெரெர், சட்டம் படிக்க விரும்பிய எங்களைப் பார்க்க வந்தார். சின்ன உருவம், கணீரென்ற குரல். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, டிரிப் கையைத் தூக்கினான்.

"மேடம், வகிச்ச பதவிகள், வாங்கின விருதுகள் எழுதறதுக்கு விண்ணப்பத்துல இடம் பத்தலைன்னா?"

"தனித்தாள் இணைக்கலாம்" என்றார் அவர்.

அவன் அதைக் குறித்துக்கொண்டு எழுந்துவிட்டான். பக்கத்துக் கட்டடத்தில் ஏதோ ஒரு சங்கத்துக்குத் தேர்தல், கூடவே ஐஸ்கிரீம். கதவு சாத்தியதும் ஃபெரெர் மேடம் சிரித்தார்.

"இப்ப இருக்கறவங்க கேளுங்க. முதல்ல மார்க். அப்புறம் எல்சாட் நுழைவுத் தேர்வு. இது ரெண்டும் சரியா இல்லேன்னா நான் அடுத்த பக்கத்தைத் திருப்பறதே இல்லை. ரெண்டு பேர் சமமா வந்து நின்னாத்தான் பதவி, விருது, சங்கம் எல்லாம். அதுலயும் பன்னிரண்டு சங்கம் போட்டிருந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும். எதுலயும் உருப்படியா இருந்திருக்க மாட்டாங்கன்னு. ஒரே வேலையை மூணு வருஷம் விடாம செஞ்சவங்களைக் காட்டுங்க, நான் எழுந்து நிக்கிறேன்."

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையானது எல்லாம் இந்த அறையில் இருக்க, அவன் தனித்தாள் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிருந்தான். அடப் பாவி, உனக்குத் தாள்தானே வேண்டும், தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கல்லூரியில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. பொறுப்பேற்க ஆள் கிடைக்காமல்தான் தவிப்பார்கள். கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும், எதிர்க்க ஆளே இருக்காது. நான் கூட்டம் கூட்டமாகப் போனேன். மாணவர் சபைப் பொருளாளர் பதவிக்கு டிரிப் பெயரைச் சொன்னேன். அந்தப் பதவியில் ஐம்பது சங்கங்களின் செலவுக் கணக்கையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒழுங்குக் குழுவுக்குச் சொன்னேன். ஊர்வல வண்டி அலங்காரக் குழுவுக்குச் சொன்னேன். மறுசுழற்சி வாரத்துக்குச் சொன்னேன். செஸ் சங்கத் தலைவராகவும் ஆக்கினேன். அவனுக்குக் குதிரை எப்படி நகரும் என்று தெரியாது.

ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல்.

"அந்த விருது விஷயத்துல உனக்கு என் மேல கோபம்னு நினைச்சேன் கொரீன்."

"அதெல்லாம் பழைய கதை. தலைமைன்னா உனக்குத்தான் வருது. சட்டக் கல்லூரிக்காரங்க இதைத்தானே பார்ப்பாங்க?"

"அதைத்தான் எங்கப்பாவும் சொல்றாரு."

ஊரெல்லாம் என்னைப் பெருந்தன்மைக்காரி என்றது. டீன் அம்மாகூட என்னைக் கூப்பிட்டு, "பெரிய மனசும்மா உனக்கு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தால் சிரித்திருப்பேன்.

இமானி மட்டும் ஏமாறவில்லை. செஸ் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், அவன் மேல உனக்கு லவ்வாடி?"

"வாந்தி வர்ற மாதிரி பேசாதே."

"அப்புறம் எதுக்குடி ஊர்ல இருக்கிற குப்பையெல்லாம் அவன் தலையில கட்டறே?"

ஃபெரெர் மேடம் சொன்னதைச் சொன்னேன். இமானி என் கையை விட்டாள். பிறகு, "நீ ரொம்பக் கெட்டவடி" என்றாள். அடுத்த கூட்டத்திலிருந்து நான் பெயர் சொன்னால் ஆமோதிக்கும் கை அவளுடையதாக இருந்தது.

குளிர்காலத்துக்குள் அவன் வகுப்புக்கு வருவது குறைந்தது. புள்ளியியலில் தடுமாறினான். தர்க்கவியல் பேராசிரியர் அவன் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரிப் மறுசுழற்சிக் குழுவின் பச்சைச் சட்டையோடு தேர்வு எழுத வந்தான், பாதியில் போன் வந்து எழுந்து போனான். நான் வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போனேன், மற்ற நாளெல்லாம் நூலகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்தேன். பழைய எல்சாட் வினாத்தாள்களை அழித்து அழித்துப் போட்டேன். ஒவ்வொரு கேள்வியிலும் அவன் முகத்தை வைத்துப் போட்டேன் என்றால் நம்புவீர்களா? அத்தனை வேகமாக வந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தேன். புற்றுநோய் நிதிக்காக விடியவிடிய மைதானத்தைச் சுற்றி நடக்கும் நிகழ்ச்சி ஒன்று எங்கள் கல்லூரியில் உண்டு. அதற்கும் அவன்தான் தலைவன், பெயரைச் சொன்னவள் நான்தான். தேதி குறிக்கக் கூட்டம் கூடியது. ஜூன் மாத எல்சாட் தேதி எல்லோருக்கும் தெரியும், அவனும் அதற்குப் பதிவு செய்திருந்தான். அதற்கு முந்தைய இரவைச் சொன்னேன். "அன்னிக்கு மைதானம் காலியா இருக்கு, நிலா வேற இருக்கும்" என்றேன்.

இமானி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அவன் போன் நாட்காட்டியைப் பார்த்தான். ஒரு நொடி தயங்கினான். சுற்றிலும் இருபது பேர் தலைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சமாளிச்சுக்குவேன்" என்றான்.

சமாளித்தான். விடியும்வரை ஒலிபெருக்கியும் கையுமாக நடந்துவிட்டு, காலில் கொப்புளத்தோடு வந்து தேர்வு எழுதினான். நான் ஒன்பது மணி நேரம் தூங்கிவிட்டு, முட்டை சாப்பிட்டுவிட்டு எழுதினேன்.

மறு வருடம் மார்ச்சில் ஃபெரெர் மேடத்திடமிருந்து எனக்குப் போன் வந்தது. கட்டணமில்லாத இடம் எனக்குத்தான். என் விண்ணப்பத்தில் பதவிகள் பகுதியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: வெள்ளிக்கிழமை மேஜை, நான்கு வருடம். நிறுவனர் என்று எழுதவில்லை. சுவரில் வேறு பெயர் இருக்கும்போது எப்படி எழுதுவது? அம்மாவிடம் சொன்னேன். அவள் தான் வேலை பார்த்த மளிகைக்கடையின் கல்லாவிலேயே உட்கார்ந்து அழுதாள், வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

டிரிப்புக்குப் பிராட்மூர் இல்லை என்றது. வேறு எட்டுக் கல்லூரிகளும் இல்லை என்றன. பதவிகளுக்கு மட்டும் மூன்று தனித்தாள் இணைத்திருந்தானாம்.

ஏப்ரலில் நூலக அடித்தளத்துக்கு என்னைத் தேடி வந்தான். கண் சிவந்திருந்தது.

"எங்கப்பா என்கூட ஒரு வாரமா பேசலை. என் மேல நம்பிக்கை வச்சது நீ ஒருத்திதான் கொரீன். எங்கே தப்புப் பண்ணினேன்னு சொல்லேன்."

இமானி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்: "ஜெயிச்சாச்சு. இனிமே வாயை மூடிக்கிட்டு இருடி." நியாயமான பேச்சுத்தான். ஆனால் யார் அடித்தது என்று அவனுக்குத் தெரியாவிட்டால் அந்த அடியில் எனக்கு என்ன சுகம்? இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே.

"நீ தப்பே பண்ணலை டிரிப். நான்தான் பண்ணினேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ஐஸ்கிரீமுக்கு அவன் எழுந்து போன பிறகு ஃபெரெர் மேடம் சொன்னது, பொருளாளர் பதவி, செஸ், நடை நிகழ்ச்சியின் தேதி, ஒன்றையும் விடவில்லை. "என் மேஜையைத் திருடினே. அதுக்கு இதுதான் கூலி. வீட்டுக்குப் போய் உங்கப்பாகிட்ட அந்தப் பதக்கத்தைக் காட்டு."

சொல்லச் சொல்ல நெஞ்சில் அடைத்திருந்தது எல்லாம் இறங்கியது. அவன் கத்துவான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டான். வகுப்பில்கூட அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இமானிக்குத் தெரியும்."

"அந்தத் தேதி, அதையும் நீயா யோசிச்சே?"

"நானேதான்."

தலையாட்டிவிட்டு எழுந்து போனான். வெட்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை இமானியோடு பீட்சா சாப்பிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

பிராட்மூரில் முதல் வருடம் ஓடியது. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரவேற்பு விருந்து, பரிமாற உதவ மூத்த மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எலுமிச்சைச் சாற்றுக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபெரெர் மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க காலேஜ்ல இருந்து ஒரு பையன் வந்திருக்கான் கொரீன். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பக்கத்தை நான் படிச்சதில்லை."

"எந்தப் பக்கம் மேடம்?"

"மார்க் குறைஞ்சிருந்தா ஏன் குறைஞ்சதுன்னு விளக்கி எழுத ஒரு பக்கம் கொடுக்கிறோமே, அது. எல்சாட்டைத் திரும்ப எழுதி நல்லாவே பண்ணிட்டான். ஆனா காலேஜ் மார்க் மோசம். ஏன்னு எழுதியிருந்தான். கூடப் பழகின பொண்ணு ஒருத்தி, சிநேகிதி மாதிரி நடிச்சு, வேணும்னே பதவி மேல பதவியா அவன் தலையில ஏத்தி வச்சிருக்கா. பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவன் தூங்கக் கூடாதுன்னு தேதி பார்த்து ஒரு நிகழ்ச்சி வேற. அவ வாயாலயே அவன்கிட்ட ஒத்துக்கிட்டாளாம்." அவர் குரல் தாழ்ந்தது. "அந்தப் பொண்ணு பேரை அவன் எழுதவே இல்லை. அவளுக்கும் ஏதோ காயம் இருந்திருக்கும்னு ஒரு வரி எழுதியிருந்தான். சேர்க்கைக் குழுவுல எல்லாரும் அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாங்க."

என் கையில் இருந்த குவளையிலிருந்து சாறு என் ஷூவில் வழிந்தது. பணக்கார வீட்டில் பிறந்து ஒரு கஷ்டமும் படாதவனுக்கு, எழுதுவதற்கு ஒரு கஷ்டத்தை நானே தயாரித்து, விவரம் ஒன்று விடாமல் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேஜையைத் திருடியவன் நான் வாங்கிய பழியையும் திருடிக்கொண்டான். அதிலும் என் பெயரை எழுதவில்லை, அதற்கும் அவனுக்கே பாராட்டு.

"அப்படிப்பட்ட பொண்ணெல்லாம் நாளைக்கு வக்கீலா வந்தா என்ன ஆகும், சொல்லு" என்றார் மேடம். வக்கீல் உரிமம் வாங்கும்போது ஒவ்வொரு மாணவரின் நடத்தையைப் பற்றியும் கல்லூரி சான்று கொடுக்க வேண்டும். என் கோப்பில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான். நான் தலையாட்டினேன்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்துவிட்டான். புதுக் கோட்டு, அதே பல் வரிசை.

"கொரீன், உன்னை இங்கே பார்ப்பேன்னு தெரியும்" என்று என் தோளில் கை வைத்தான்.

"ரெண்டு பேருக்கும் பழக்கமா?" என்றார் ஃபெரெர் மேடம்.

"நல்லாக் கேட்டீங்க மேடம். வெள்ளிக்கிழமை மேஜைன்னு கோர்ட்ல ஒரு உதவி மையம், என் விண்ணப்பத்துல பார்த்திருப்பீங்களே. அதை நான்தான் ஆரம்பிச்சேன். ஆரம்பத்துல இருந்தே இவ எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தா. இல்லையா கொரீன்?"

மேடம் என் முகத்தைப் பார்த்தார். அவனும் பார்த்தான். 'இல்லை' என்று நான் சொல்லலாம், ஆனால் அடுத்த வார்த்தையாக அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்ட பெயரை அவன் சொல்லிவிடுவான். அவன் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை, அவசரப்படவும் இல்லை.

"ஆமாம் மேடம்" என்றேன். "அவன்தான் ஆரம்பிச்சான். நான் கூட இருந்தேன்."

"அடடே, அருமை" என்றார் அவர், அடுத்த மேஜைக்குப் போனார்.

டிரிப் குனிந்து ஒரு குவளையை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றான். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். நான் ஈர ஷூவோடு நின்று, வரிசையில் அடுத்து வந்தவருக்குச் சாறு ஊற்றினேன். இந்தக் கட்டடத்தில் அவனோடு எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்த முறை ஒன்று நிச்சயம், என்ன செய்தாலும் அதை அவனிடம் போய்ச் சொல்ல மாட்டேன்.